மணவறையைச் சூழ்ந்து நின்றோர்

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பேராக், கிளந்தான் எல்லைகளை ஒட்டிய கேமரன் மலையின் வடபகுதியில் அமைந்த சிற்றூர் கம்போங் ராஜா. 1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியைக் கண்டு குறித்துச் சென்ற பின்னரும், நாற்பது ஆண்டுக்காலம் இது பூர்வகுடி மக்கள் வாழும் பெருங்காடாகவே இருந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே மலைநகரம் அமைக்கும் எண்ணம் உருப்பெற்றது. 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர் எழுந்த தோட்டங்களுள் கம்போங் ராஜாவை அடுத்த புளூ வேலியும் ஒன்று. தாப்பா அடிவாரத்திலிருந்து ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் எனும் ஊர்களைக் கடந்து மேலேறி வந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களே இத்தோட்டங்களில் காடு திருத்தினர், செடி நட்டனர், கொழுந்து பறித்தனர்.

அவர்கள் கொண்டுவந்த பொருள்கள் மிகச் சில. துணிமூட்டையும் தகரப்பெட்டியும் தவிரச் சொல்லத்தக்கவை இல்லை. ஆனால் பிறப்பு, பூப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குரிய முறைகள் அவர்தம் நினைவில் முழுமையாக இருந்தன. இவற்றுள் திருமணமே மிகுந்த இடர்ப்பாட்டைத் தந்தது. காரணம் எளிது. இறப்புச் சடங்கைக் குறைந்த ஆட்களைக் கொண்டு செய்து முடித்துவிடலாம். தமிழ்த் திருமணமோ ஆட்களால் ஆனது. இன்னார் இன்னது செய்தல் வேண்டும் என்ற வரையறை அதில் உண்டு. அந்த இன்னார் பலரும் கடலுக்கு அப்பால் ஊரிலேயே தங்கிவிட்டனர். முறை வந்தது, முறைக்காரர் வரவில்லை. இந்த இடைவெளியை மலைநாட்டுத் தமிழர் எவ்வாறு நிரப்பினர் என்பது, நம் சமூக வரலாற்றில் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டிய ஓர் இயலாகும்.

மணவறையைச் சூழ்ந்து நிற்போருக்குக் கடமை வகுக்கும் வழக்கம் தமிழரிடையே மிகத் தொன்மையானது. அகநானூற்றின் 86ஆம் பாடலில் நல்லாவூர் கிழாரும், 136ஆம் பாடலில் விற்றூற்று மூதெயினனாரும் காட்டும் மணவினைகள் தமிழாசிரியர் யாவரும் அறிந்தவை. அவற்றில் எரியோம்பும் சடங்கு இல்லை. ஓதும் புரோகிதரும் இல்லை. ஆயினும் 86ஆம் பாடலில் வேலைப் பங்கீடு தெளிவாக இருக்கிறது. மணல் பரப்பிய பந்தரின்கீழ் முதுபெண்டிர் நீர்க்குடங்களும் கலங்களும் ஏந்தி முறைமுறையாகத் தருகின்றனர். மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் கூடி மணமகளை நீராட்டி, பூவும் நெல்லும் அவள் கூந்தலில் தங்குமாறு தூவி வாழ்த்துகின்றனர். அதன்பின் சுற்றத்தார் ஓசையெழ விரைந்து வந்து, பெரிய இல்லக்கிழத்தி ஆகுக என்று கூறி அவளைத் தலைவனிடம் ஒப்படைக்கின்றனர். குடம் ஏந்துவோர், நீராட்டுவோர், வாழ்த்துவோர், கொடுப்போர் எனக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பணி உண்டு. வேடிக்கை பார்ப்போர் எவரையும் புலவர் பாடவில்லை.

சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலுக்கு வரும்போது எரியும் முதுபார்ப்பானும் இடம் பெற்றுவிடுகின்றனர். எனினும் ஊருக்கு மணச்செய்தி அறிவிக்க யானைமீது ஏறிச் செல்வோர் மகளிரே. மங்கலப் பொருள்களை ஏந்தி வருவோரும் மகளிரே. சடங்கு மாறியது, சூழ்ந்து நிற்போரின் கடமை மாறவில்லை.

பிற்காலத் தமிழ்நாட்டில் இக்கடமைகள் உறவுமுறைகளோடு இறுகப் பிணைக்கப்பட்டன. அவற்றுள் தலையாயது தாய்மாமன் முறை. மணமகளுக்கு மாலை சூட்டுதல், நெற்றியில் பட்டம் கட்டுதல், சீர்வரிசைத் தட்டுகளுடன் மேளம் முழங்க வருதல் ஆகிய யாவும் அவன் உரிமைகள். உரிமை என்று சொன்னாலும் உண்மையில் அவை பெருஞ்செலவு பிடிக்கும் கடமைகளே. பிறந்த குழந்தைக்குக் காது குத்தும்போது மடியில் அமர்த்திக்கொள்பவன் அவன். பெண் பூப்பெய்தும்போது குடிசை கட்டுபவன் அவன். அந்த வரிசையின் உச்சமே திருமணச் சீர். பிறமலைக் கள்ளரிடையே தங்கி ஆராய்ந்து 1957இல் பிரெஞ்சு மொழியில் நூல் வெளியிட்ட லூயி துய்மோன் என்னும் மானிடவியலாளர், பெண் கொடுத்தவர்க்கும் கொண்டவர்க்கும் இடையே தலைமுறை தோறும் ஓடும் இத்தகைய சீர்களைத் தென்னிந்திய உறவுமுறையின் முதுகெலும்பாகவே கண்டார். தாய்மாமன் மணவறையில் நிற்பதன் பொருள் இதுதான்: இந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு குடும்பம் நிற்கிறது; அவளுக்குத் தீங்கு நேர்ந்தால் கேட்க ஆள் உண்டு. இதை வாயால் கூறாமல் தட்டு வரிசையால் ஊரறியக் கூறுவதே சீர்.

மாப்பிள்ளைத் தோழன் பொதுவாக மணமகளின் உடன்பிறந்தான். வாயிலில் மணமகனை எதிர்கொண்டு அவன் கால்களில் நீர் வார்த்து அழைத்துவருவதும், அதற்குக் கைம்மாறாக மோதிரம் பெறுவதும் தமிழகத்தின் பல பகுதிகளிலும் யாழ்ப்பாணத்திலும் காணப்படும் வழக்கம். எரி வளர்க்கும் திருமணங்களில் தங்கையின் கையில் பொரியை அள்ளி வைப்பவனும் அவனே. இளைஞர் பலர் இதனைக் கேலிக்கும் நகைப்புக்கும் உரிய பதவி என்று கருதிவிடுகின்றனர். மைத்துனன் மோதிரம் வாங்கும் காட்சியில் கேலி உண்டுதான். ஆயினும் கால் கழுவிய கை, நாளை தங்கையின் வீட்டுக் கதவைத் தட்டும் உரிமை பெற்ற கையும் ஆகும். மணமகனின் உடன்பிறந்தாளான நாத்தனார், மணமக்களின் பின்னே விளக்கை ஏந்தி நிற்கிறாள். மணமகன் ஒரு முடிச்சு இட, எஞ்சிய முடிச்சுகளை அவள் இடும் வழக்கமும் பல குடிகளில் உண்டு. புகுந்த வீட்டின் சார்பில் பெண்ணை ஏற்றுக்கொண்டவள் அவள். பின்னாளில் நாத்தனார் கொடுமை என்று கதைகள் எழுந்தமை வேறு செய்தி.

உறவினர் அல்லாத பணியாளரும் மணவறைக்கு வேண்டப்பட்டனர். கொங்கு வேளாளர் திருமணங்களில் மங்கல வாழ்த்துப் பாடும் உரிமை நாவிதருக்கு உரியது. சடங்குகளை முன்னின்று நடத்துவோர் அருமைக்காரர் எனும் இல்லறப் பெரியோர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலைப் புரட்டினால், வண்ணார், நாவிதர், பறை முழக்குவோர் ஆகியோருக்கு மணவினையில் வகுக்கப்பட்ட பணிகள் பக்கந்தோறும் எதிர்ப்படும். இப்பணிகள் யாவும் பெருமைக்குரியன என்று இன்று சொல்லிவிடலாகாது. அவை பிறப்பால் சுமத்தப்பட்டவை, மறுக்க முடியாதவை, கூலியாகக் கிடைத்தது களத்து நெல்லும் பந்திக்குப் பின் எஞ்சிய சோறுமே.

இத்தகைய பின்னலிலிருந்து ஓர் இழை அறுந்து மலாயாவுக்கு வந்தது. திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடார்க்காடு, தென்னார்க்காடு முதலிய மாவட்டங்களினின்றும் வந்தோரே மிகுதி. வந்தோரில் பெண்கள் குறைவு. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போதும் மலாயா இந்தியருள் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள் தோன்றிய காலமோ இன்னும் இக்கட்டானது. உலகப் பொருளாதார மந்தத்தால் 1930இல் உதவிப் பயணத்துடன் ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. 1934இல் மீண்டும் தொடங்கியது, 1938இல் இந்திய அரசு விதித்த தடையால் முடிவுக்கு வந்தது. அதன்பின் போர்; சயாம் மரண ரயில் பாதைக்குப் பல்லாயிரம் தோட்டத் தமிழர் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். போர் முடிந்து சில ஆண்டுகளில், 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் எஞ்சியிருந்த வாயிலையும் பெரும்பாலும் அடைத்தது. ஊரிலிருந்து மாமனை வரவழைத்து மகளுக்கு மாலை சூட்டச் செய்தல் சாதாரணத் தொழிலாளிக்குக் கனவாயிற்று.

இங்கேதான் தமிழ் உறவுச்சொற்களின் நெகிழ்ச்சி துணைக்கு வந்தது. ஆங்கிலேயனின் அங்கிள் எனும் ஒரு சொல்லில் மாமனும் சித்தப்பனும் பெரியப்பனும் அடங்கிவிடுவர். தமிழில் ஒருவரை மாமா என்று அழைத்தால், அவர் மக்கள் யார், தனக்கு என்ன முறை, யாரை மணக்கலாம், யாரை மணக்கலாகாது என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே தீர்மானமாகிவிடும். லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த, இரத்தத் தொடர்பில்லாத குடும்பங்கள் ஒன்றையொன்று முறை வைத்து அழைத்தன. அண்ணன் என்று அழைக்கப்பட்டவர், அழைத்தவளின் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் ஆனார். அழைப்பு விளையாட்டன்று, அது கடன். அந்தப் பிள்ளையின் காதுகுத்துக்கும் சடங்குக்கும் மணத்துக்கும் சீர் செய்ய அவர் கடமைப்பட்டார். உடன்பிறந்தாள் இல்லாத மணமகனுக்கு, அவன் தங்கச்சி என்று அழைத்து வந்த பக்கத்து வீட்டுப் பெண் நாத்தி விளக்கை ஏந்தினாள். விளக்கு ஏந்தியவள் அன்று முதல் நாத்தனாரே.

மாவட்டந்தோறும் முறை வேறுபட்டதால் பிணக்குகளும் எழுந்தன. மூன்று முடிச்சையும் மணமகனே இடுவதா, நாத்தனாருக்கு விடுவதா. கூறைப்புடவை எந்த வீட்டார் செலவு. பந்தக்கால் நடுவோர் யார் என்பன போன்ற கேள்விகள் எழும்போது, ஊரில் அவற்றைத் தீர்க்கக் குலப்பெரியவர் இருந்தார். தோட்டத்தில் அந்த இடம் கங்காணிக்கோ தலைவருக்கோ சென்றது. முதல் தாம்பூலம் பெறுபவர் அவர். தாலித் தட்டை அவையில் வலம் வரச் செய்பவரும் அவர். இங்கே ஒன்றை மறைக்காமல் கூறுதல் நன்று. தம் ஆட்கள் வேலைக்கு இறங்கும் நாளெல்லாம் தலைக்காசு பெற்றவர் கங்காணி. தொழிலாளிக்கு முன்பணம் கொடுத்து வைத்தவரும் பெரும்பாலும் அவரே. கடன்காரரே சபைத்தலைவராய் அமர்ந்த மணவறை அது. அவர் வாழ்த்தில் அன்பும் இருந்திருக்கலாம், கணக்கும் இருந்திருக்கலாம். மறுபுறம், பரம்பரைப் பணிகள் தளர்ந்தன. துணி வெளுப்பவரும் முடி திருத்துபவரும் தோட்டங்களில் இருந்தனர். ஆனால் அவர்கள் காசு பெற்று வேலை செய்தனர். பறை முழக்கப் பிறந்தவன் என்று ஊரில் கட்டுப்பட்டவன், இங்கே எல்லாரையும்போல் பெரட்டில் நின்று பேர் கொடுத்தான். மணவறையின் இவ்விழப்புக்காக எவரும் வருந்த வேண்டுவதில்லை.

தோட்டத் திருமணத்தில் புதிதாக முளைத்த பணி ஒன்று தமிழாசிரியரைச் சார்ந்தது. எழுத்தறிவு அரிதாக இருந்த லயங்களில், அழைப்பிதழ் எழுதவும், ஊருக்கு மடல் வரையவும், மணநாளன்று மொய் எழுதவும் ஆசிரியரையோ கிராணியையோ நாடினர். பந்தலின் வாயிலில் மேசை போட்டு அமர்ந்து, இன்னார் இத்தனை வெள்ளி என்று உரக்கச் சொல்லி எழுதும் அந்த ஏடு, கடன் பேரேடு மட்டும் ஆகாது. யார் யார் வந்திருந்தனர் என்பதற்கு எழுத்தில் எஞ்சிய சான்று பெரும்பாலும் அது ஒன்றே. தோட்ட வரலாறு எழுத முற்படும் மாணவர், துரைமார் விட்டுச்சென்ற அறிக்கைகளோடு, வீட்டுப் பரண்களில் கறையான் அரித்துக் கிடக்கும் மொய் ஏடுகளையும் தேடுதல் வேண்டும். புளூ வேலி போன்ற தோட்டங்களின் தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு இது கைக்கெட்டும் தொலைவில் உள்ள ஆய்வுப்பொருள்.

அயல்நாட்டிலும் தளராத வழக்கங்களும் உண்டு. அவற்றுள் கொடியது கைம்பெண்களை மணவறையினின்றும் விலக்கியது. மஞ்சள் இடிக்கவும் பந்தக்காலுக்குப் பால் வார்க்கவும் ஆரத்தி எடுக்கவும் சுமங்கலிகளே வேண்டப்பட்டனர். சயாமுக்குச் சென்ற கணவன் திரும்பாமையால், கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டித் தனியே பிள்ளைகளை வளர்த்த தாய்மார் ஒருவர் இருவரல்லர். தான் ஈட்டிய காசில் வாங்கிய தாலியை மகன் கட்டும்போது தாய் தூண்மறைவில் நிற்க வேண்டும் என்றது முறை. மாமனையும் நாத்தனாரையும் புதிதாக ஆக்கிக்கொள்ளத் துணிந்த மக்கள், இந்த ஒன்றை மாற்றத் துணிய நெடுங்காலம் ஆயிற்று.

மாற்றத்தின் குரல் 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கிய பெரியார் ஈ.வெ.ரா.வின் பயணத்தால் வலுப்பெற்றது. சுயமரியாதைத் திருமணத்தில் புரோகிதர் இல்லை; நல்ல நேரம் இல்லை; கைம்பெண்ணை விலக்கும் விதியும் இல்லை. கோ. சாரங்கபாணி போன்றோர் சிங்கப்பூரிலிருந்து ஏடுகள் வாயிலாகச் சீர்திருத்தக் கருத்துகளைப் பரப்பினர். ஆனால் கூர்ந்து நோக்கின், சடங்கைக் களைந்த இத்திருமணமும் சூழ்ந்து நிற்போரைக் களையவில்லை. தலைமை தாங்குபவர், வாழ்த்துரைப்போர், கூடியிருக்கும் சுற்றத்தார் ஆகியோர் இன்றியமையாதோராயினர். சென்னை உயர்நீதிமன்றம் 1953இல் இத்தகைய மணங்கள் செல்லா என்று தீர்ப்பளித்தது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் நிறைவேறிய சட்டத்திருத்தம் அவற்றைச் செல்லுபடியாக்கியது. அத்திருத்தமும் உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் நிகழ வேண்டும் என்றே வகுத்தது. எரியும் அம்மியும் போயின, முன்னிலை நின்றது.

முன்னிலை ஏன் அத்துணை இன்றியமையாதது என்பதைத் தோட்டப்பெண்கள் துன்பத்தால் அறிந்தனர். மலேசியாவில் இந்துத் திருமணங்களை விரும்பினால் பதிந்துகொள்ளும் வழி முன்பே இருந்தும், கட்டாயம் இல்லை. ஒருவன் இரண்டாம் மனைவியைக் கொள்ளச் சட்டத்தடையும் இல்லை. சென்னை மாகாணத்தில் 1949இலும், சிங்கப்பூரில் மாதர் சாசனத்தின் வாயிலாக 1961இலும் வந்த ஒருதார விதி, மலேசிய இந்துக்களுக்கு 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் வாயிலாக 1982 மார்ச்சு 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை கட்டிய கணவன் கைவிட்டால், அல்லது இறந்தபின் சேமநிதிக்கோ சொக்சோ உதவிக்கோ உரிமை கோர நேர்ந்தால், தான் மனைவி என்று காட்டப் பெண்ணிடம் இருந்தவை கழுத்துத் தாலியும், மணவறையைச் சூழ்ந்து நின்றோரின் வாய்மொழியுமே. மாமனும் தோழனும் நாத்தனாரும் வேறு தோட்டங்களுக்குப் பிரிந்துவிட்டாலோ மறைந்துவிட்டாலோ, அவள் மணமே காற்றில் கரைந்தது போலாயிற்று.

புதிய சட்டம் 1982க்கு முன் சமய முறைப்படியோ வழக்கப்படியோ நிகழ்ந்து நிலைத்திருந்த மணங்களைப் பதிவு பெற்றனவாகவே கருதியது. ஆனால் நிகழ்ந்தது என்று யார் சொல்வது? மீண்டும் பழைய சாட்சிகளையே நாட வேண்டியிருந்தது. அதன்பின் நிகழும் மணங்களுக்குப் பதிவு கட்டாயமாயிற்று. இருந்தும், கோவிலில் தாலி கட்டியாயிற்று, இனித் தாள் எதற்கு என்று இருந்துவிட்டோர் பலர். அதன் விளைவு பிள்ளைகள் மீது விழுந்தது. மலேசிய அரசமைப்பின்படி, சட்டப்படி மணம் புரியாத பெற்றோரின் குழந்தை குடியுரிமையில் தாயைச் சார்கிறது. தாயிடம் குடியுரிமை ஆவணம் இல்லையெனில், தந்தை குடிமகனாய் இருந்தும் பிள்ளை நாடற்றதாகிவிடும். இந்நாட்டு இந்தியரிடையே அடையாள ஆவணம் இன்றி அல்லலுறும் இளைஞர் சிலருடைய கதையின் வேர், மேளதாளத்தோடு நடந்தும் பதியப்படாத ஒரு திருமணத்தில் இருக்கிறது.

இன்று மலைத்தோட்டங்களில் கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர். பழைய லயக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் ஈப்போவுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் பெயர்ந்துவிட்டனர். சிம்பாங் பூலாய் வழியாகக் கம்போங் ராஜாவுக்கு ஏறும் சாலை, மணநாள்களில் அவர்களை மீண்டும் மலைக்குக் கொண்டுவருகிறது. சடங்குத் திருமணத்துக்குச் சில மாதம் முன்பே பதிவுத் திருமணம் நடந்துவிடுவதும் வழக்கமாகியுள்ளது. சட்டம் அன்றே அவர்களைக் கணவன் மனைவி என்கிறது. வீட்டார் தாலி ஏறும் வரை அவ்வாறு கொள்வதில்லை. பதிவதிகாரியின் மேசைமுன் சட்டம் கேட்பது இரண்டு சாட்சிகளை மட்டுமே. அகநானூற்றின் நால்வர் இருவராகினர். யார் அந்த இருவர் என்று சட்டம் வரையறுக்கவில்லை. நண்பர் எவரும் ஒப்பமிடலாம். ஆயினும் மணமகளின் பக்கத்துக்குத் தாய்மாமனையே அழைத்துவந்து அவர் கையில் பேனாவைக் கொடுக்கும் குடும்பங்கள் உண்டு.